ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை: விவரம் அறிந்து அரசியலில் பங்கேற்க விரும்பும் குடிமக்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் 15 அன்று காலையில் கிராம சபை கூடும் இடத்துக்குச் சென்றால், கூட்டம் தொடங்கும் முன்பே வருகைப் பதிவேடு கைமாறிக்கொண்டிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். வந்தவர்கள் கையெழுத்திடுகிறார்கள் அல்லது கைநாட்டு வைக்கிறார்கள். பிறகு பாதிப் பேர் காட்டு வேலைக்கோ வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். அன்று எழுதப்படும் தீர்மானங்கள் எவை என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்களும் இருந்து ஒப்புக்கொண்டு நிறைவேற்றியவையாகவே அத்தீர்மானங்கள் மேலிடத்துக்குப் போகும். அரசியல் பேசாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. கூட்டணிக் கணக்கையும் தில்லி நிலவரத்தையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்ற ஆண்டு நம் ஊராட்சிக்கு எவ்வளவு பணம் வந்தது, அது எதற்குச் செலவானது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அரிதாகவே கிடைப்பார்.

அந்த இடைவெளியை ஒருவர் எப்படிப் படிப்படியாகக் கடக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் அலுவலகங்களும் நடைமுறைகளும் தமிழ்நாட்டுக்கு உரியவை. தேர்தலும் தகவல் உரிமையும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். உங்களை உண்மையாகவே உறுத்துகிற ஒரு பொருளை, அது குடிநீராகவோ ஏரியாகவோ அரசுப் பள்ளியாகவோ இருக்கட்டும், எடுத்துக்கொண்டு அதன் வழியாகவே அரசை அறிந்துகொள்ளத் தொடங்குங்கள்.

முதல் படி: எது யாருடைய பொறுப்பு என்று அறிதல்

பொதுவாழ்வில் வீணாகும் உழைப்பில் பெரும்பகுதி தவறான கதவைத் தட்டுவதால் வீணாகிறது. ஏரி தூர்ந்துவிட்டது என்று ஊராட்சித் தலைவரிடம் ஆண்டுக்கணக்கில் முறையிட்டவர்களை நான் அறிவேன். அந்த ஏரியோ அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதே அல்ல. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) கொண்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. சாலையும் அப்படித்தான்: ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறையின் சாலை, தேசிய நெடுஞ்சாலை என்று ஒரே ஊருக்குள் நான்கு வகை இருக்கலாம். தெருவிளக்கை எரிய வைப்பது ஊராட்சியின் கடமை. கம்பத்துக்கு மின்சாரம் தருவது மின்வாரியத்தின் வேலை. பட்டா வட்டாட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்தது.

ஆகவே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த பொருளுக்குப் பொறுப்பான துறை, அதன் ஒன்றிய அல்லது வட்ட அளவிலான அலுவலர், அவருக்கு மேலே உள்ளவர், அந்தத் துறையின் அமைச்சர் என்று வரிசையாக எழுதுங்கள். கூடவே உங்கள் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் பெயர்களையும் எழுதுங்கள். நகரத்தில் வாழ்பவருக்கு இந்தப் பட்டியல் இன்னும் சிறியது. உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலங்களில் இந்தப் பெயர்கள் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமலே நடந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்தலைத் தள்ளிப்போடுவதும் ஓர் அரசியல் முடிவுதான். அதைப் பற்றி மக்கள் கேள்வி கேட்காமல் இருப்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் செய்தி.

இரண்டாம் படி: வாக்காளர் பட்டியல்

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பதும், பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இதைப் பலருக்கு உணர்த்தியது. வாக்களிக்கும் நாளில் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டிப் பயனில்லை. எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் பெயரையும் வீட்டிலுள்ளவர்கள் பெயரையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ, 1950 என்ற எண்ணிலோ, உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, பெயர் சேர்ப்பதற்கு எதிர்ப்பு தெரிவிக்கவோ நீக்கக் கோரவோ படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருந்தால்தான் சேரமுடியும் என்ற நிலை இருந்தது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

உங்கள் வாக்கை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதிப்படி, அடையாளத்தை நிரூபித்துத் தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாக்குச்சாவடிக்குள் நடப்பது எப்படி என்று உள்ளிருந்தே அறிய விரும்பினால், ஒரு முறையாவது நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளருக்கு வாக்குச்சாவடி முகவராக உட்காருங்கள். காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவையும், மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகல் முகவர்களுக்குத் தரப்படுவதையும் நேரில் கண்டவர், வாக்கு இயந்திரத்தைப் பற்றி எந்தக் கேள்வியை எழுப்பினாலும் அதை விவரத்தோடு எழுப்புவார்.

மூன்றாம் படி: வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைப் படித்தல்

சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடும் ஒவ்வொருவரும் படிவம் 26-ல் உறுதிமொழி அளிக்க வேண்டும். 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் வழியாக இந்தக் கடமை உறுதிப்பட்டது. நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், தண்டனைகள், வேட்பாளருக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். வேட்புமனுத் தாக்கல் நடக்கும் நாள்களிலேயே இவை தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏற்றப்படுகின்றன.

வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மறியலில் ஈடுபட்டதற்காக நான்கு வழக்குகள் உள்ளவரும், மோசடிக்காக ஒரு வழக்கு உள்ளவரும் பட்டியலில் அருகருகே வருவார்கள். எந்தச் சட்டப் பிரிவு, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அதே வேட்பாளர் ஐந்தாண்டுக்கு முன் அளித்த பத்திரத்தை அருகில் வைத்து, சொத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அறிவிக்கப்பட்ட வருமானம் அந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மீண்டும் போட்டியிடுபவராக இருந்தால் அவரது தொகுதி மேம்பாட்டு நிதியையும் சேர்த்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் இவ்வகையில் பரிந்துரைக்கும் வாய்ப்பு உண்டு. எந்தப் பணிகளைப் பரிந்துரைத்தார், அவற்றில் எத்தனை முடிந்தன என்பதைத் தகவலாகக் கேட்டுப் பெறலாம்.

நான்காம் படி: செய்தியைத் தாளோடு பொருத்திப் படித்தல்

எத்தனை நாளிதழ் படிக்கிறோம் என்பதைவிட, படித்த செய்தி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறிவது முக்கியம். அரசின் ஒரு திட்டம் சட்டமன்றத்தில் அறிவிப்பாகப் பிறக்கிறது. பல வேளைகளில் அது விவாதத்துக்கு இடமில்லாத, சட்டமன்ற விதிகளின் 110ஆம் விதியின் கீழ் படிக்கப்படும் அறிக்கையாக இருக்கும். அதன்பின் அரசாணை வர வேண்டும், நிதி ஒதுக்கப்பட வேண்டும், மதிப்பீடு தயாராக வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும், வேலை உத்தரவு வழங்கப்பட வேண்டும். அதற்குப் பிறகே மண்ணில் மண்வெட்டி விழும். ஆனால் அறிவிப்பு வந்த அன்றே ஒரு தரப்பு சாதனை என்று சுவரொட்டி ஒட்டுகிறது. மறு தரப்பு ஆறு மாதம் கழித்து ஒன்றுமே நடக்கவில்லை என்கிறது. நீங்கள் அரசாணையின் எண்ணையும் நாளையும் கையில் வைத்திருந்தால், இரண்டு தரப்பிலும் எது உண்மை என்று உங்களால் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பில் வரும் ‘அரசு அறிவிப்பு’களுக்கும் இதே உரைகல்தான்: துறையின் பெயர், அரசாணை எண், நாள் மூன்றும் இல்லாத அறிவிப்பை, அவை கிடைக்கும்வரை பிறருக்கு அனுப்பாதீர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் துறைவாரியாக நிதி கோரும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழிலேயே வெளியிடுகிறது. பள்ளிக் கல்வித் துறையிலோ ஊரக வளர்ச்சித் துறையிலோ ஆர்வம் உள்ளவர் அந்த ஒரு குறிப்பை முழுமையாகப் படித்தால், ஓராண்டுத் தொலைக்காட்சி விவாதங்கள் தராத அறிவைப் பெறுவார். வரவு செலவுத் திட்ட ஆவணத்தைப் பார்க்கும்போது வரும் ஆண்டுக்கான மதிப்பீட்டை மட்டும் பார்க்காமல், அருகிலுள்ள நடப்பாண்டுத் திருத்த மதிப்பீட்டையும், இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மையான செலவுக் கணக்கையும் பாருங்கள். ஒதுக்கியதற்கும் செலவழித்ததற்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும். அந்தச் செலவு முறையாக நடந்ததா என்பதை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் ஆராய்கின்றன; அவை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பின் எவரும் படிக்கலாம்.

நாடாளுமன்றத்தையும் இதேபோல் கவனியுங்கள். தில்லியில் நிறைவேறும் சட்டம் நம் ஊர்க் குன்றுவரை எப்படி வந்து சேரும் என்பதற்கு மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியே சான்று. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: கிராம சபையில் அமர்ந்து பேசுதல்

73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கிராம சபை அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சந்தா இல்லை, நியமனம் இல்லை, எந்தக் கட்சியின் அனுமதியும் தேவையில்லை. சட்டமன்றத்துக்கு நம் சார்பில் ஒருவரை அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே அமர்கிறோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் 2022-ல் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றாயிற்று. குறைவெண் வரம்பும் உண்டு: 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கப்படும் அவசரத்துக்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான். நகரவாசிகளுக்கு வார்டுக்குள் கூடும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் நடக்கின்றன. அவற்றின் அதிகாரம் கிராம சபையோடு ஒப்பிடும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்பது என் கருத்து.

கூட்டத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கூட்டப் பொருள் என்ன என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேடினால், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எந்தெந்தப் பணிகள் சேர்க்கப்பட்டுள்ளன, நிதி ஆணைய மானியத்திலிருந்து எவருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்ற விவரங்கள் கிடைக்கும். அவற்றை அச்செடுத்து, அதில் உள்ள பணி நடந்த இடத்துக்கு நடந்து சென்று பாருங்கள். சிமெண்ட் சாலை எத்தனை மீட்டர், குழாய் எத்தனை என்று நீங்களே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அண்டை அயலாரில் நான்கைந்து பேரிடம் பேசி, குறிப்பாகப் பெண்களிடம் பேசி, ஒரே ஒரு கோரிக்கையைத் தீர்மான வடிவில் எழுதுங்கள். ‘குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்’ என்று எழுதினால் அது ஏட்டில் தூங்கும். ‘மேலத்தெருவின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து கீழத்தெருவின் கடைசி வீடுவரை குழாய் நீட்டிக்க, நடப்பாண்டு வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து மதிப்பீடு தயாரிக்க இச்சபை தீர்மானிக்கிறது’ என்று எழுதினால் அதைத் தொடர்ந்து கேட்க முடியும்.

கூட்டத்தில் முதலில் வரவு செலவைக் கேளுங்கள். ஊராட்சியின் வருவாயும் செலவும் சபையின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியவை. அதைக் கேட்பது எவர் மீதும் குற்றம் சுமத்துவது ஆகாது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பாடநூல்களில் புகழப்படுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று அவற்றில் விதித்திருப்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமும் வேதக் கல்வியும் அற்றவர்களுக்கும் இடமில்லை; ஆகவே அதை மக்களாட்சி என்று கொண்டாட என்னால் முடியாது. கணக்கு விதியை மட்டும் அங்கிருந்து மனதார எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் தீர்மானத்தைப் படித்த பின், அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுவதைப் பார்த்துவிட்டே எழுந்திருங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்றிடம் விடப்பட்டிருந்தால் அதை அங்கேயே சுட்டிக்காட்டுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசத் தயங்கும் இளைஞர்கள் ஒருவர் வாசிக்க, மற்றவர் வழிமொழிய என்று முன்பே பிரித்துக்கொண்டால் தயக்கம் பெரிதும் குறையும்.

ஆறாம் படி: தகவல் கேட்டுப் பெறுதல்

தகவல் உரிமைக்கு மாநிலச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு; அது 1997-ல் நடந்தது. விதிவிலக்குகள் மிகுந்த அச்சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. இன்று நம் கையில் இருப்பது 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்.

நான் எழுதிய முதல் மனுவில், எங்கள் தெருவில் ஏன் விளக்கு எரிவதில்லை என்று கேட்டிருந்தேன். விளக்கம் கோரும் வினாக்கள் சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதில் கசப்பாக இருந்தாலும் சட்டப்படி சரியானது. ஆவணத்தில் உள்ளதைத்தான் அலுவலர் தர முடியும். அவருடைய கருத்தை நாம் கேட்க முடியாது. அடுத்த மனுவில் வாசகத்தை மாற்றினேன்: குறிப்பிட்ட நிதியாண்டில் தெருவிளக்குப் பராமரிப்புக்காக வாங்கப்பட்ட பொருள்களின் செலவுச்சீட்டு நகல்கள், இருப்புப் பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்கள், ஊராட்சியில் உள்ள மின்கம்பங்களின் எண்ணிக்கை. வந்த தாள்களில் வாங்கியதாகக் காட்டிய விளக்குகளின் எண்ணிக்கைக்கும் கம்பங்களின் எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை. அத்தாள்களைக் கிராம சபையில் வரி வரியாக வாசித்தோம். ‘ஏன்’ என்ற கேள்விக்கான பதில் அன்று சபையில் எல்லோர் முன்னிலையிலும் வந்தது.

கட்டடம், சாலை போன்ற பணிகளுக்கு நீங்கள் கேட்க வேண்டியவை: பணியின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு, ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பட்டியல் (பில்) தொகை, ஒன்றியப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல். அலுவலகங்களில் இந்தக் கடைசிப் பொருளை ‘எம் புக்’ என்பார்கள். தெருவில் நீங்கள் அளந்ததை அதனோடு ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும். பணியிடத்தை நேரில் ஆய்வு செய்யவும், பொருள் மாதிரி எடுக்கவும், கோப்புகளை அலுவலகத்திலேயே பார்வையிடவும் சட்டம் அனுமதிக்கிறது. பார்வையிடலில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

மனுவைப் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு வில்லை செல்லாது. அங்கே அஞ்சல் ஆணை வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கான காலம் 30 நாள். உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்த தகவலாக இருந்தால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது நிறைவளிக்காவிட்டால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும் போகலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். பிறரின் தனிப்பட்ட தகவலைக் கேட்கும் மனுக்கள் மறுக்கப்படும்; 2023-ல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கை மேலும் விரிவாக்கியிருக்கிறது. எனவே ஆளைப் பற்றிக் கேட்காமல் பணியையும் பணத்தையும் பற்றியே கேளுங்கள். மற்றொன்று, உள்ளூரில் செல்வாக்குள்ளவர்களைத் தொடும் தகவலைத் தனியாளாகக் கேட்காதீர்கள். ஒரே மனுவை ஐந்து பேர் ஐந்து பெயரில் அனுப்பினால் எவர் ஒருவரும் குறிவைக்கப்படுவது கடினம்.

ஏழாம் படி: மனுவும் பின்தொடர்தலும்

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. நிலம், பட்டா சார்ந்தவற்றுக்கு ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி எனப்படும் வருவாய்த் தீர்வாயம் நடக்கிறது. தொலைபேசியில் முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100 இருக்கிறது. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, அதற்கான கிராம சபைத் தீர்மான நகல், தகவல் மனுவில் கிடைத்த தாள், ஒரு புகைப்படம் என்று இணைத்துக் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். மனு அந்தந்த அலுவலகத்துக்கே இறங்கி வருவதால், நீங்கள் முன்பே பார்த்த அதே ஒன்றிய அலுவலரிடம்தான் அது வந்து நிற்கும். அவரோடு பகை வளர்க்காதீர்கள். பல வட்டார வளர்ச்சி அலுவலர்கள் நல்லது செய்யவே விரும்புகிறார்கள். எழுத்தில் வந்த மக்கள் கோரிக்கை அவர்களுக்கும் ஒரு பிடிமானம்.

எட்டாம் படி: கூடிச் செயல்படுதல்

தனியொருவரின் தாள்கள் ஓரளவுக்குத்தான் போகும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி, சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகளின் ஊர். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2023-ல் நாடாளுமன்றம் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்கள் சிலவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அவற்றுள் டங்ஸ்டனும் ஒன்று. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் சுற்றுக் கிராமங்களையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஒரு நிறுவனத்துக்கு ஏலத்தில் போனதாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டம் நிறைவேறிய நாளில் மேலூரில் எவரும் அதைத் தங்கள் செய்தியாகப் படித்திருக்க மாட்டார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே ஏலத்தை ரத்துசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கி நடந்தார்கள். வணிகர்கள் கடைகளை அடைத்தார்கள். ஜனவரி 23 அன்று மத்தியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்துசெய்தது. நடை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. தீர்மானம் மட்டும் இருந்திருந்தாலும் போதியிருக்காது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் இயற்றியும் அரசின் முடிவு மாறவில்லை என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு தருகிறது. ஆனால் காவல்துறை நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம். எனவே இடம், நேரம், ஏறத்தாழ எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று எழுதி முன்கூட்டியே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் உள்ள மறுப்பை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். கூட்டத்தில் ஒரு வழக்கறிஞரின் எண் எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: பொறுப்புக்குப் போட்டியிடுதல்

உள்ளாட்சிப் பதவிக்கு 21 வயது போதும். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25. சட்டமன்ற வேட்பாளர் 10,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்பாது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. புதிதாக வருபவருக்கு அதுவே பொருத்தமான வாசல். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் நாற்காலியில் அவர் கணவர் அமர்வதைக் கண்டால் கிராம சபையிலேயே ஆட்சேபியுங்கள்.

இந்த வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதுவது நேர்மையாகாது. அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அவ்வூராட்சியின் தலைவராகத் தேர்வான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடனிருந்த ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய, அதேபோல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்தவிடாமல் தடுக்கப்பட்டு, 2006-ல்தான் அது நடந்தது. உங்கள் ஊரில் ஒடுக்கப்பட்ட ஒருவர் வேட்புமனு கொடுக்கப் போகிறார் என்றால், அவரோடு அலுவலகம்வரை நடந்து செல்வது நீங்கள் செய்யக்கூடிய அரசியல் செயல்களில் மிகப் பெரியது.

வார்டு உறுப்பினராக வென்றுவிட்டால், முதல் கூட்டத்திலேயே நான்கு பொருள்களைப் பார்வைக்குக் கேளுங்கள்: ரொக்கப் பதிவேடு, வங்கிக் கணக்கின் கடைசி மூன்று மாத விவரம், நிலுவையில் உள்ள வீட்டு வரிப் பட்டியல், முந்தைய கிராம சபையின் தீர்மானப் புத்தகம். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் வெளியேறும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்களாகிய நீங்கள்தான். அந்தத் தேர்வு நடக்கும் நாளுக்கு முன்பே சக உறுப்பினர்களைச் சந்தித்து, படிக்காத தாளில் ஒப்பமிடமாட்டேன் என்று உறுதி சொல்பவர் யார் என்று கேட்டு வையுங்கள்.